முந்தானையில் சுற்றிய கை

கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரு வழக்கம். பிள்ளைகள் ஏதாவது வேலையில் திணறும்போது வலதுகையை முந்தானைக்குள் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். குழாயின் மரை எந்தத் திருகில் கடிக்கும், எந்தத் திருகில் உடையும் என்று தெரியும். தான் அரை நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலையோடு பிள்ளை அரை மணி நேரமாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் தெரிந்த கை சும்மா இருக்காது, தானாக நீளும். அதற்காகத்தான் அந்தச் சுற்று.

நான் மாடியில் குடியிருக்கிறேன். படிக்கட்டின் திருப்பத்தில் நின்றால் அவர்களுடைய பின்கட்டு முழுவதும் தெரியும். துவைக்கிற கல், குழாயடி, குட்டை ஸ்டூல், சுவரில் அடித்த ஒரு பலகை. கூடத்துப் பின்கதவு திறந்திருந்தால் கூடமும் தெரியும். சாயங்காலக் காற்றுக்கு அங்கே நிற்பேன். நான் நிற்பது அவர்களுக்கும் தெரியும். ஒரு சிரிப்போடு அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தியல், கட்டிங் பிளேயர், பைப் ரிஞ்ச், திருப்புளிகள், அரம், ஆக்சா பிளேடு எல்லாம் அதில் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தை அப்படியே வெள்ளைப் பெயிண்டில் கோடு இழுத்து வைத்திருக்கிறது. சுத்தியலை எடுத்தால் சுத்தியலின் உருவம் பலகையில் மிஞ்சும். இருட்டும் நேரத்தில் ஒரு பார்வை பார்த்தாலே எது இன்னும் திரும்பி வரவில்லை என்று தெரிந்துவிடும். பெரிய பட்டறைகளில் இப்படி வைப்பார்கள். எஞ்சினுக்குள் ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டு மூடினால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

அக்காவின் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாறிவந்த பட்டறை அது. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சின்களைக் கட்டிக்கொடுத்த கைகள் அங்கே உண்டு. அந்த ஒழுங்கு அவரோடு வீட்டுக்கும் வந்தது. அக்காவுக்கு இரண்டு அண்ணன்கள். ஆனாலும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறும்போதெல்லாம் டார்ச் பிடிக்க வந்து நின்றது தான் மட்டுமே என்று ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பெரியவள் கல்லூரியில் முதலாண்டு. சின்னவன் ஆறாம் வகுப்பு. அப்பா விட்டுப்போன பலகை அவர்கள் மூவருக்கும் நடுவில் தொங்குகிறது.

புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு பரபரப்பு தெரியும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்கிறது. வீட்டில் எந்த மூலையில் குறை இருந்தாலும் அந்த அடைமழை அதைக் கண்டுபிடித்துவிடும். அதற்குமுன் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. சின்னவன் வீடு முழுக்கச் சுற்றுவான். சுவரில் கை வைத்து ஈரம் பார்ப்பான். கதவுகளைத் திறந்து மூடுவான். காது வைத்துக் கேட்பான். அவன் கத்திச் சொல்லச் சொல்ல, பெரியவள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள். பின்கட்டுக் குழாய் சொட்டுது. கூடத்து ஃபேன் மெதுவாச் சுத்துது. முன்னறை ஓடு. குக்கர்ல ஓரமா ஆவி போகுது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதிப் பாடம் இப்படி நடந்துவிடுகிறது. பழுதைப் பழுதாகப் பார்க்கக் கண் வேண்டும். சொட்டுகிற குழாயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிற வீடுகளில் யாரும் சோம்பேறிகள் இல்லை. அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுவது நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான்.

குழாய் சின்னவனுக்கு ஒதுக்கப்பட்டது. நொடிக்கு ஒரு சொட்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டில் பெருக்கி, ஒரு நாளைக்கு 86,400 சொட்டு என்று அறிவித்தான்.

“சரி. முதல்ல என்ன செய்யணும்?”

“ஸ்பேனர் எடுக்கணும்.”

அக்கா பதில் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் படியேறி, என்னைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஓடி, டேங்கின் அடியில் இருக்கும் கேட் வால்வைப் பூட்டிவிட்டு வந்தான். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டான். பளபளப்பில் கீறல் விழாமல் இருக்க ஸ்பேனரின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் பழைய துணி வைத்தான். தலைப்பகுதியைக் கழற்றி உள்ளே இருந்த வாஷரை வெளிச்சத்தில் காட்டினான். வட்டமாய்ப் பள்ளம் விழுந்திருந்தது.

“எதனால இப்பிடி ஆச்சு?”

“நாமதான்ம்மா இறுக்கி இறுக்கி மூடுறோம்.”

“அப்புறம்?”

“தேஞ்சதும் இன்னும் இறுக்கறோம்.”

அவ்வளவுதான் விசாரணை. பழைய வாஷரைத் தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் கடைக்குக் கிளம்பினான். எந்தச் சாமான் வாங்கப் போனாலும் பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று கடைக்காரர் கேட்கும்போது வாய் தடுமாறலாம். பழசு தடுமாறாது.

வாஷர் சுலபமாகப் பொருந்திவிட்டது. ஆனால் குழாய் சுவரோடு சேரும் இடத்திலும் கசிவு இருந்தது. குழாயையே கழற்றி, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி மறுபடியும் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் சணலும் பெயிண்டும் வைத்து ஏற்றிய இடம், இப்போது வெள்ளை டேப். சின்னவன் குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கவனமாகச் சுற்றத் தொடங்கினான். தப்பான பக்கமாக.

முதல் சுற்றிலேயே அக்கா பார்த்துவிட்டார். கை முந்தானைக்குள் போனது.

அவன் சுற்றி முடித்து, குழாயைச் சுவரில் வைத்துத் திருகினான். டேப் மரையோடு உள்ளே போகாமல் பின்வாங்கி, கழன்று, ஓரத்தில் சுருண்டு திரண்டது. கழற்றினான். பிய்த்துப் போட்டான். புதிதாகச் சுற்றினான், மறுபடியும் அதே பக்கம். மறுபடியும் சுருண்டது. முகம் சிவந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தான். அக்கா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நின்ற எனக்கே வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் அவன் எதுவும் செய்யவில்லை. பிறகு குழாயை இடதுகையில் எடுத்து, சுவர் எதிரில் இருப்பதாக வைத்துக்கொண்டு, காற்றிலேயே மெதுவாகத் திருகிப் பார்த்தான். டேப்பின் முனை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். மறுபடியும் திருகினான். “ஓ!” என்றான். திருகும் திசையிலேயே டேப்பும் சுற்ற வேண்டும், அப்போதுதான் திருகத் திருக அது இறுகும். இம்முறை டேப் மரையோடு மரையாய் உள்ளே போனது.

“ஆங்” என்றார் அக்கா. முந்தானை அவிழ்ந்தது.

சொல்லிக்கொடுத்திருந்தால் அவனுக்கு வலப்பக்கம் என்ற சொல் கிடைத்திருக்கும், மறந்தும் போயிருக்கும். அவனாகக் கண்டுபிடித்தது காரணத்தை. காரணம் தெரிந்தவன் நாளைக்கு வேறொரு வீட்டில், வேறொரு குழாயில், யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் சரியாகச் சுற்றுவான். அதற்காக வீணானது கையளவு டேப்பும் கொஞ்ச நேரமும்.

ஃபேன் பெரியவளுடையது. சுவிட்சைப் போட்டால் உறுமும், ஆனால் சுற்ற யோசிக்கும். விளக்குமாற்றுக் குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெல்லச் சுற்றத் தொடங்கும். கண்டன்சர் இளைத்துவிட்டது என்று அவளே சொல்லி, பழசில் எழுதியிருந்த 2.5 எம்எஃப்டி அளவைப் பார்த்து அதே அளவில் வாங்கி வந்திருந்தாள். அளவை ஏன் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்டதற்கு, கண்டபடி பெரிசாய்ப் போட்டால் மோட்டார் சூடாகிவிடும் என்றாள்.

ஏறுவதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் ஊன்றிப் பார்த்தேன். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால், கரண்ட் இருக்கும் இடத்திலும் அது எரியாமல் ஏமாற்றிவிடும், அதனால் இந்தச் சோதனை. பிறகு மெயினை அணைத்தாள். பழைய வீடு என்பதால் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. கூடத்துக்குரிய கட்டையைப் பிடுங்கித் தன் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மேலே ஏறுகிறவரிடமே கட்டை இருக்க வேண்டும், கீழே யாரிடமும் கொடுக்கக் கூடாது. இதுவும் தாத்தா விட்டுப்போன விதி. பட்டறையில் ஒரு எந்திரத்துக்குள் தலையை விடுகிறவன், அதன் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் விடுவான். திரும்பவும் போய் அதே டெஸ்டரை அதே பிளக்கில் வைத்தாள். எரியவில்லை. அதன் பிறகே ஸ்டூலில் கால் வைத்தாள்.

சின்னவனுக்கு டார்ச். தண்டின் அடியில் இருக்கும் கிண்ண மூடியை அவள் தளர்த்தி மேலே தள்ளினாள். பழைய கண்டன்சரின் இரண்டு முனைகளையும் கைபடாமல் திருப்புளியின் இரும்பால் குறுக்கே தொட்டாள். கரண்டை நிறுத்திய பிறகும் கண்டன்சர் கொஞ்சம் மின்சாரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.

நடுவில் வெளிச்சம் நகர்ந்தது. சுவரில் ஒரு பல்லி, டார்ச் அதன் பின்னால் போய்விட்டது. பெரியவளின் கைகள் அப்படியே நின்றன. அவள் “டேய்” என்று கத்தவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை நின்றுபோனதை அந்தப் பையன் தானே உணர்ந்தான். வெளிச்சம் திரும்பி வந்தது. கைகள் தொடர்ந்தன. டார்ச் பிடிப்பது எடுபிடி வேலை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். செய்கிறவரின் விரல் எங்கே போகிறதோ அங்கே வெளிச்சம் போக வேண்டும் என்றால், பிடிக்கிறவரின் கண்ணும் மனமும் அங்கேதான் இருந்தாக வேண்டும். அக்கா கற்றதும் அந்த இடத்தில் நின்றுதான்.

ஃபேன் வேகமெடுத்துச் சுற்றியது. பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கப்பு ஸ்குரூ இறுக்கிட்டியா?”

“இறுக்கினேனே.”

“சரி. நாளைக்கு ஒருக்கா ஏறிப் பாத்துக்க. ஓடுனதுல தளர்ந்திருக்கும்.”

பாராட்டு என்று அதில் எதுவும் இல்லை. அவள் முகம் மலர்ந்துதான் போனது. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரிடம் சொல்வதைப் போல அம்மா சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஓட்டு வேலையில் மட்டும் முறை மாறியது. முன்னறைக்குச் சீமை ஓடு. உச்சி வெயில் நேரத்தில் சன்னல்களை அடைத்து, விளக்கை அணைத்து, மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். விரிசல் உள்ள இடங்களில் வெளிச்சம் புள்ளி புள்ளியாய்த் தெரியும். போன மழையில் தண்ணீர் சொட்டிய இடத்தைச் சின்னவன் காட்டினான். வெளிச்சப் புள்ளி அதற்கு நேர்மேலே இல்லை, இரண்டு ரீப்பர் தள்ளி மேலே இருந்தது. மேலே புகுந்த தண்ணீர் மரத்தின் வழியே சரிந்து வந்து, வசதியான இடத்தில் சொட்டியிருக்கிறது. ஒழுகும் இடத்தை மட்டும் பார்த்துப் பூசுகிறவர்கள் வருடாவருடம் பூசிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

உடைந்த ஓட்டின் துண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய ஓடு விற்கும் இடத்தில் பொருத்திப் பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பின்னால் எத்தனையோ கம்பெனிகள் அதே மாதிரி ஓடு செய்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றாக இருக்கும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காருமா என்பது பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். உட்காராவிட்டால் அந்தச் சந்துவழி அடுத்த மழை வரும்.

ஏணி வைத்ததும் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறினார். பெரியவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவன் தூரத்தில். அடியில் மரம் ஓடும் இடம் பார்த்து மட்டுமே கால் வைத்தார், ஓட்டின் நடுவயிற்றில் ஒருமுறைகூட வைக்கவில்லை. மேல்வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி, புதியதன் கொக்கியை ரீப்பரில் மாட்டி இறக்கினார். ஒவ்வொன்றையும் செய்யும்போது என்ன செய்கிறேன் என்று உரக்கச் சொன்னார். குழாயடியில் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் இங்கே பேசிக்கொண்டே இருந்தார். தவறினால் டேப் வீணாகும் வேலை வேறு, தவறினால் கால் முறியும் வேலை வேறு. எதைச் செய்யவிட வேண்டும், எதைச் செய்து காட்ட வேண்டும் என்று பிரிக்கத் தெரிவது கற்றுக்கொடுப்பவரின் கெட்டிக்காரத்தனம்.

“அடுத்த வருசம் நீ ஏறு. நான் ஏணியப் பிடிக்கிறேன்” என்றார் மேலிருந்தபடியே.

கதவுக்கும் ஒரு வார்த்தை. மழை பிடித்து அடுப்படிக் கதவு உப்பிக்கொண்டால் உடனே இழைப்புளி போடக் கூடாது. கோடையில் மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகும் அளவு சந்து விழும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, வெயில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சின்னவன் மெழுகுவத்தியை எடுத்து வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறான்.

அடுப்படி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருப்பதைத் தீபாவளிப் பலகாரம் வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். அது தொடக்கூடாதவற்றின் பட்டியல். குக்கரின் கேஸ்கட்டை மாற்றலாம், ஆவிக்குழாய் அடைப்பை ஊசி விட்டு எடுக்கலாம். ஆனால் சேஃப்டி வால்வ் உருகிவிட்டால் அந்தக் குக்கருக்குரிய வால்வைத் தவிர வேறு எதையும் வைத்து அடைக்கக் கூடாது. தண்ணீர் வற்றிக் குக்கர் காயும்போது, வெடிப்பதற்கு முன் தான் உருகி ஆவியை வெளியேவிடத்தான் அது இருக்கிறது. கேஸ் டியூபில் கசிவு என்று சந்தேகம் வந்தால் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும், தீக்குச்சி கூடாது. நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் அவசர எண் 1906-க்குப் போன். ஃபியூஸ் போனால் அதற்குரிய கம்பிதான், கைக்குக் கிடைத்த தடித்த கம்பி கூடாது. மீட்டருக்கு அந்தப் பக்கம் நம் கை போகவே கூடாது. எல்லாம் பெரியவளின் கையெழுத்து.

ஆயுத பூஜைக்குப் பலகை காலியாயிற்று. கருவிகளை மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் பரப்பினார்கள். பூஜைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். அன்று இரவு எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க வெளிச்சம், அந்த ஒரு வீடு மட்டும் இருட்டு. தனியாக இருக்கிற பாட்டி வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார்.

பெரியவள் பூஜையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டெஸ்டரும் டார்ச்சும் எடுத்துட்டுப் போ. சாமி ஒண்ணும் சொல்லாது” என்றார் அக்கா. கூடப் போகவில்லை. உள்ளே போய்ச் சுண்டலைத் தாளிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாலைந்து பேர் கூடிவிட்டோம். அவள் மெயின் சுவிட்சுக்குப் போவதற்கு முன் மீட்டர் மேல் டார்ச் அடித்தாள். டிஜிட்டல் மீட்டர், அதன் முகத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. வீட்டுக்குள் இருந்த சுவிட்சுகள் ஏதும் விழவில்லை என்பதையும் பார்த்தாள். குங்குமம் வைத்த டெஸ்டருக்கு வேலையே வரவில்லை.

“பாட்டி, மீட்டருக்கே கரண்ட் வரல. போஸ்ட்லேர்ந்து வர்ற லைன்ல எங்கயோ விட்டிருக்கு. பழைய பில் எடுத்துத் தாங்க, நம்பர் சொல்லி மின்னகத்துக்குப் போன் போடுறேன்.”

கூட்டத்தில் ஒருவருக்குப் பொறுமை இல்லை. “அந்த மேல் ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுப் பாரேம்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

“தெரியும் மாமா. அதனாலதான் தொடல.”

எரிச்சலோ பெருமையோ இல்லாமல், விவரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். போன் போட்டாள். ஆள் வரும்வரை பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவரிடம் மீட்டர் செத்திருப்பது, சுவிட்சுகள் விழாமல் இருப்பது, பக்கத்து வீடுகளில் கரண்ட் இருப்பது என்று பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னாள். அவர் வீட்டுக்குள் வராமலே நேராகக் கம்பத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

செய்யத் தெரிந்த பிள்ளைகளை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். தன் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளையைப் பார்ப்பது அரிது. எத்தனையோ சாயங்காலங்களில் பக்கத்தில் நின்று தன் கையை அடக்கிக்காட்டிய ஒருவரிடமிருந்துதான் அது வந்திருக்க முடியும். வாஷர் மாற்ற எந்தப் பிளம்பரும் கற்றுக்கொடுத்துவிடுவார். பிள்ளை தடுமாறும் அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டு நிற்பது பெற்றவர்களால் ஆகிற காரியம். அந்த அரை மணி நேரத்தை ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.